அறுபத்து மூன்று பெருவிரல்கள்

ஸ்காபரோ, கனடா
12.07.2009

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

நானும் மகன் சிவரூபனும் மருமகள் தயானியும் பேரன் ஆரூரனும் சுகம். உங்கள் சுகத்தையும் மகள் நிஷாந்தியின் சுகத்தையும் வட்டகொடை மூடுபனியின் சுகத்தையும் அறிய ஆவல். இந்த வருசம் எங்கள் ஆட்களுக்கு எழுதவும் வாசிக்கவும் நல்ல செய்தி என்று ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதனால் தேநீரைக்கூட ஆறவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன கடிதத்தில், பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னுவதாக எழுதியிருந்தீர்கள். தலவாக்கலையில் ஒரு கடைதான் வாங்குகிறது, அதுவும் மாதத்துக்கு நாலைந்துதான் என்றும் எழுதியிருந்தீர்கள். இனி அந்தக் கவலை இல்லை.

தயானி எனக்கு பேஸ்புக் என்ற ஒன்றில் பக்கம் திறந்து தந்தாள். அது என்னவென்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பாடசாலை மண்டபத்தில் பெற்றார் கூட்டம் நடக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நீங்கள் வாங்கில் ஏறி நின்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினால் மண்டபம் முழுக்கப் பார்க்கும். அவ்வளவுதான் அது. நான், நீங்கள் பின்னித் தந்த காது மூடும் தொப்பியோடு ஆரூரனைப் போன மாரிக் குளிரில் எடுத்த படத்தைக் காட்டினேன். “வட்டகொடைப் பெண்கள் பின்னியது” என்று கீழே எழுதினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அறுபத்து மூன்று பேர் பெருவிரலை உயர்த்தியிருந்தார்கள்! படத்துக்குக் கீழே அப்படி உயர்த்திக் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருசம் வகுப்பில் நின்ற எனக்கு அதன் பொருளை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. யாருக்கு வேண்டுமோ அவர்கள் கையை உயர்த்துவார்கள். எல்லாருடைய பெயரையும் கொப்பியில் வகுப்பு வரவு இடாப்புப்போல எழுதி வைத்துவிட்டேன். நாயன்மார் எண்ணிக்கை வேறு. நல்ல சகுனம்.

அறுபத்து மூன்று தொப்பி எப்போது தருவீர்கள்? இங்கே ஒக்டோபரில் குளிர் தொடங்கிவிடும்.

உங்கள் பக்கத்துக் குவாட்டர்சில் பத்தொன்பது வருசம் இருந்த,
ஜெயமலர்

 

மேற்பிரிவு லயம், வட்டகொடை
28.07.2009

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நல்ல மழை. தபால்காரர் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நான் வாசலில் நின்றே படித்துவிட்டு, நனைந்துகொண்டே ராசம்மாவின் லயக் காம்பராவுக்கு ஓடினேன். எங்கள் ஒன்பது பேரில் ராசம்மாதான் வேகமாகப் பின்னுகிறவள் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அறுபத்து மூன்று என்றதும் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு வருசத்தில் நாங்கள் அவ்வளவு விற்றதில்லை. பகலில் எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். சாயங்காலம் மட்டும் பின்னினால் கிறிஸ்மஸ் வந்துவிடும். ஒக்டோபருக்கு முன்னால் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையை விட வேண்டும். அது அன்றன்றைக்குக் கையில் கிடைக்கிற காசு, டீச்சர். அதை ஐந்து வாரம் விடச் சொல்வது சின்ன விசயமில்லை.

பிள்ளைக் காம்பராவில் எல்லாரையும் கூட்டிக் கேட்டேன். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற அழகுமுத்து அண்ணன் வாசலில் நின்று, “கனடாவுல கம்பளிக்கா பஞ்சம்? அவங்க இங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க, நீங்க அங்க அனுப்பப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதில் நாலு பேர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ராசம்மாதான் சொன்னாள்: “டீச்சரை எனக்குத் தெரியாது, ஆயா. நீங்க சொல்லுறீங்க, அதுக்காக விடுறேன்.” மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். அதனால் இது என் வார்த்தையில் நிற்கிறது. நீங்கள் இருக்கும்போது எனக்குப் பயமில்லை.

இன்னொன்று. குழந்தைகளின் பெயரும் வயதும் உடனே அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைக் காம்பராவில் ஒரு பழக்கம் உண்டு. பெயர் தெரியாத தலைக்குத் தொப்பி பின்ன மாட்டோம். முதல் வரிசை போடும்போது அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் போடுவோம். ஒரு பிள்ளைக்கென்று பின்னியதை இன்னொரு பிள்ளைக்குப் போடவும் மாட்டோம். இவன் காதுவலி அவனுக்குப் போய்விடும் என்று பயம். இருபத்தெட்டு வருசம் அப்படியே செய்துவிட்டேன். இனி மாற்ற வராது.

நிஷாந்தி தலவாக்கலையில் கொமியூனிகேஷன் கடையில்தான் இன்னும் வேலை செய்கிறாள். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். உங்கள் மண்டபத்தை அவளும் எட்டிப் பார்க்கிறேன் என்கிறாள்.

உங்கள் பதிலுக்காக ஊசியோடு காத்திருக்கும்,
நாகலெட்சுமி

 

ஸ்காபரோ
10.08.2009

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. ராசம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பெயர்ப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் போய்க் குழந்தையின் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுத நாள் போதாது. அதனால் கை உயர்த்தியவர்களின் பெயரையே எழுதியிருக்கிறேன். குழந்தைக்குப் போகட்டும், தகப்பன் பெயரில் இருந்தால் என்ன? ஒரு குடும்பத்துக்கு ஒரு அரிசிக் கூப்பன் மட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வயது எல்லாருக்கும் ஒன்று என்று போட்டுவிட்டேன். சரிபாதிப் பேருக்காவது பொருந்தும்.

அழகுமுத்து அண்ணனிடம் சொல்லுங்கள், இங்கே கம்பளி உண்டு, காதை மூடத் தெரிந்த ஆயம்மா இல்லை என்று.

அன்புடன்,
ஜெயமலர்

 

வட்டகொடை
22.09.2009

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

பெட்டியை இன்று காலை தபால் கந்தோரில் கொடுத்துவிட்டோம். நானும் ராசம்மாவும் ரயிலில் தலவாக்கலைக்குக் கொண்டுபோனோம். பெட்டிக்கு இடம் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. வழியெல்லாம் நின்றுகொண்டே போனோம்.

இந்த ஐந்து ஞாயிறும் எங்களுக்குத் திருவிழாபோல இருந்தது. பட்டியலில் இருப்பது தகப்பன் பெயரானாலும் அதையே பிள்ளையின் பெயராக வைத்துக்கொண்டோம். அதை நிஷாந்தி உரக்கப் படிப்பாள். ஆளுக்கு ஏழு பெயர் பங்கு. பெயரைக் கேட்டதும் இவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்ததுபோலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கௌசி என்றால் துறுதுறுவென்று இருப்பாளாம், அவளுக்குக் கழற்ற முடியாதபடி நாடா நீளமாக வேண்டுமாம். தம்பிராசா என்ற பெயர் ராசம்மாவுக்கு விழுந்தது. “இந்தக் காலத்துல யாரு இப்படிப் பேரு வக்கிறா? தாத்தா பேரா இருக்கும். இந்தப் புள்ள அழுவாது, பெரிய மனுசன் மாதிரி பாத்துக்கிட்டே கெடக்கும்” என்று சொல்லி, கடல் நீலத்தில் பின்னினாள். அவள் பின்னியதிலேயே அதுதான் அழகு. ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் பின்னியவள் கையால் பெயரும் வயதும் எழுதிய துண்டு இருக்கிறது. கலந்துவிடாமல் பார்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். மலையில் கொழுந்து கொட்டிக் கிடந்தது. கைக்காசுக்குப் போனவர்கள் சாக்கை நிரப்பிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே வந்தார்கள். இரண்டு பேருக்கு முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நான் அடுத்த பெயரைப் படிக்கச் சொன்னேன். அவர்களும் எழுந்து போகவில்லை.

குழந்தைகள் தொப்பியோடு இருக்கிற படம் ஒன்றிரண்டு அனுப்புங்கள். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

நாகலெட்சுமி

 

ஸ்காபரோ
08.10.2009

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. தொப்பிகள் மிக நேர்த்தி. எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. எல்லாருக்கும் மிகுந்த சந்தோசம். பெண்கள் எல்லாரிடமும் சொல்லவும். படம் பிறகு அனுப்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டதால் அதிகம் எழுத முடியவில்லை.

ஜெயமலர்

 

ஸ்காபரோ
18.10.2009

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

பத்து நாளுக்கு முன் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அதில் பெட்டி வந்தது என்பது ஒன்றுதான் உண்மை. அது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அறுபத்து மூன்றும் அப்படியே இருக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி வந்ததும் முதல் ஆளாகத் தம்பிராசாவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லி சிவரூபனைக் கேட்டேன். அவன், “எதுக்கு அம்மா?” என்றான். கை உயர்த்தியதைச் சொன்னேன். அவனும் தயானியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தயானி என் பக்கத்தில் வந்து இருந்து மெதுவாகச் சொன்னாள். “மாமி, உது ‘பாத்தன், வடிவா இருக்கு’ எண்டு சொல்லுறது. ‘எனக்குத் தாங்கோ’ எண்டு சொல்லுறதில்லை.”

வீதியில் போகிறவர் உங்கள் வாசல் ரோசாவைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னால், உடனே பிடுங்கி அவர் கையில் திணித்துவிட்டு விலை கேட்பதுபோல ஒரு வேலையை நான் செய்திருக்கிறேன். ஒருவரிடம்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. வயது கேட்டு எழுதச் சொன்னீர்கள். அதையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாள் போதாது என்று சாட்டுச் சொன்னேன்.

அதைவிட மோசம் பொய் எழுதியது. எல்லாவற்றையும் நானே காசு கொடுத்து எடுத்துக்கொண்டு கோயிலில் கொடுத்துவிட்டு, விற்றாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். உங்கள் கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். ராசம்மா உங்கள் வார்த்தைக்காக விட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நான் கெடுத்துவிட்டேன். இன்னும் இருநூறு பின்னவா என்று நீங்கள் கேட்டு எழுதினால் நான் என்ன சொல்வேன்?

பிள்ளைகள் பிழையாக எழுதினால் பக்கத்திலேயே திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன். இதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஜெயமலர்

 

வட்டகொடை
25.10.2009

டீச்சருக்கு,

எட்டாம் திகதி எழுதிய கடிதம் மூன்று நாளுக்கு முன் வந்தது. எல்லாருக்கும் சந்தோசம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பிள்ளைக் காம்பராவில் படித்துக் காட்டினேன். ராசம்மா நேராகப் போய் அழகுமுத்து அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்து இருநூறு என்று பேச்சு.

படம் வராததால் நிஷாந்தி கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து அவளே தேடினாள். பட்டியலில் இருந்த தம்பிராசாவைக் கண்டுபிடித்து, “பாப்பாவுக்குத் தொப்பி சரியா இருந்துச்சா? ஒரு படம் போடுங்க” என்று எழுதியிருக்கிறாள். பதில் வந்தது. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். “பிள்ளை, எனக்கு எழுபத்தொரு வயசு. இந்த வீட்டில நான்தான் கடைசிக் குழந்தை. எந்தத் தொப்பியைக் கேக்கிறியள்?” பிறகு இன்னும் பத்துப் பேரிடம் கேட்டாள். ஒருவரும் தொப்பி கேட்கவில்லையாம், ஒருவருக்கும் வரவுமில்லையாம்.

நான் அந்தத் தாளை ஒளித்து வைக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்களை அப்படியே நிற்க வைத்துப் படித்தேன். ராசம்மாதான் கேட்டாள், “அப்ப நான் யாரு தலைய நெனச்சுப் பின்னுனேன்?”

“எழுபத்தொரு வயசுத் தலைய” என்றேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிரித்து முடித்ததும், “ஆயா, அடுத்த வாட்டி நீங்க சொன்னாலும் ஞாயித்துக்கெழம விட மாட்டோம்” என்றாள். அது எனக்கு நல்லாவே வலித்தது.

டீச்சர், தொப்பி விற்காமல் போவது மழை பெய்து வேலை நின்றதுபோல. யார் மேலும் கோபம் இல்லை. நீங்கள் பொய் எழுதியது அப்படியில்லை. எனக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருசம் இருந்தீர்கள். பாண் விலையிலிருந்து வாசலுக்கு வந்த பாம்பு வரை எல்லாம் சொல்லிக்கொண்டோம். இதைச் சொல்ல ஏன் கூச்சம்?

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். பெயர் சொல்லிப் பின்னியதை வேறு தலைக்குப் போட மாட்டோம் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். கோயிலிலோ வேறெங்கோ பொதுவாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அந்தப் பெயருக்கு உரியவரிடமே கொடுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். விலையையும் சொல்லுங்கள். விரும்பினால் தரட்டும். வேண்டாம் என்றால் சும்மா வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது பேரும் இதற்குச் சம்மதம். திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். தபால் கந்தோரில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாகலெட்சுமி

 

ஸ்காபரோ
17.11.2009

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் ஒப்புக்கொண்டது உங்களுக்கு வந்து சேரும் முன்பே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டினது போதாது என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் போட்டேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் நானும் தயானியும் பஸ் ஏறிப் போனோம். முதலில் தம்பிராசா வீட்டுக்கு. கதவு திறந்ததும் என் குற்றத்தை ஒப்புவித்துவிட்டுப் பொதியைக் கொடுத்தேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ‘தம்பிராசா, வயது 1’. பக்கத்தில் ராசம்மா ஒரு சின்னப் பூ வரைந்திருந்தாள். அவருக்குச் சொட்டைத் தலை. அந்தக் கடல் நீலத் தொப்பியை உச்சியில் வைத்து நாடாவை ஒரு காதில் கொழுவிக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்.

அன்று பின்னேரமே படத்தைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். கீழே எழுதியது இது: “வட்டகொடையில எனக்கு ஒரு வயசு.”

பிறகு நடந்ததை எனக்கு உதாரணம் சொல்லி விளக்கத் தெரியவில்லை. தொப்பி கிடைத்த ஒவ்வொருவரும் தன் தலையில், முழங்காலில், பூனையின் தலையில் என்று வைத்துப் படம் போட்டார்கள். துண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாம், என் பெயரை அந்த மலையில் ஒருத்தர் எழுதுவாரா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லண்டனிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து இருவர், நான் கேள்வியே படாத நோர்வே ஊரிலிருந்து ஒரு தாதி.

இந்த முறை நான் பெருவிரலை எண்ணவில்லை. ஒவ்வொருவரிடமும் எழுதிக் கேட்டேன். வேண்டுமா? எந்தப் பிள்ளைக்கு? வயது என்ன? நூலால் தலையை அளந்து எழுதச் சொன்னேன். நாற்பது பேர் பதில் தந்திருக்கிறார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பட்டியலில் இருந்த கௌசி மாசியில் பிள்ளை பெறப்போகிறாள். இன்னும் பெயர் இல்லை. அதற்கு என்ன செய்வது?

அறுபத்து மூவரில் மூவர் தவிர எல்லாரும் விலையைத் தந்தார்கள். சிவரூபன் வங்கியில் போடுகிறான்.

நாற்பத்தோராவதாக ஒன்று நான் கேட்கிறேன். ஆரூரனின் தலை வளர்ந்துவிட்டது. வயது இரண்டு. அளவு தாளின் பின்பக்கம்.

ராசம்மா இனி ஞாயிற்றுக்கிழமை விடத் தேவையில்லை. ஆறுதலாகப் பின்னட்டும். நான் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜெயமலர்

 

வட்டகொடை
06.12.2009

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் ஒப்புக்கொண்டு எழுதியது நவம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது. தம்பிராசா ஐயாவின் படத்தை மட்டும் நிஷாந்தி தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். ராசம்மா அதை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். “நான் சொன்னேன்ல, அழாம பாத்துக்கிட்டே கெடக்கும்னு” என்கிறாள். அழகுமுத்து அண்ணன் வந்து படத்தைப் பார்த்தார். மறுநாள் அவர் மருமகள் ஊசி கேட்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் சேர்ந்தார்கள். இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர்.

நிஷாந்தி எங்கள் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்துவிட்டாள். ‘பிள்ளைக் காம்பரா’ என்று வைத்திருக்கிறாள். இனி ஓடர் எல்லாம் அவளிடமே வரட்டும், டீச்சர். வருத்தப்படாதீர்கள். யார் எந்தத் தொப்பியைப் பின்னுகிறார்கள், எந்த வாரம் மலையில் வேலை அதிகம் என்பது இங்கே இருக்கிறவளுக்குத்தான் தெரியும். வாரத்துக்குப் பத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதையும் பக்கத்தில் எழுதிப் போட்டாயிற்று. அப்படி எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று நான் பயந்தேன். எழுதிய பிறகுதான் கூட வருகிறார்கள்.

இந்த முறை நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது பேரின் பதிலையும் ராசம்மா கையில் கொடுத்துவிட்டேன். நாள் முழுக்க வைத்திருந்து, சாயங்காலம் வந்து, “ஆயா, இந்த வாட்டி எல்லாமே புள்ளைங்கதான். வயசு எழுதியிருக்கு” என்றாள். உட்கார்ந்து முதல் வரிசையைப் போட்டாள். எனக்கு அது போதும்.

கௌசியிடம் சொல்லுங்கள், பிள்ளை பிறந்து பெயர் வைத்த பிறகு எழுதட்டும். காத்திருப்போம். அவளுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறோம்.

ஆரூரனுக்கு நாற்பத்தோராவது இடம். பொங்கலுக்குப் பிறகுதான் கிடைக்கும். “டீச்சர் பேரனுக்கு முதல்ல போட்டுரலாமே” என்று ராசம்மா சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். வரிசையில் நின்று வாங்கினால்தான் உங்களுக்கும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கடிதத்தில் தொப்பியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அதையெல்லாம் நிஷாந்தியிடம் எழுதுங்கள். ஐந்து மாதமாக உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. பனியில் பஸ் ஏறி அத்தனை வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள். வலிக்கிறதா இல்லையா? உண்மையை எழுதுங்கள்.

உங்கள்,
நாகலெட்சுமி